மைக்ரோபிட் வி2: உப்புக்காற்று அடிக்கும் ஊரில் கணினி ஆசிரியருக்கு எவ்வளவு துணை?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை கணினி சொல்லிக்கொடுக்கிறவருக்கு மைக்ரோபிட் வி2 வாங்கிய காசுக்கு வஞ்சகம் செய்யாது. பிளஸ் டூ ஆசிரியருக்கு இரண்டே பாடங்களுக்குத்தான் அது உதவும், ஆனால் அந்த இரண்டிலும் நன்றாக உதவும். இராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை கடலை ஒட்டிய பள்ளிகளுக்குக் கூடுதலாக ஒரு செலவு உண்டு: மூடி இறுகும் டப்பா ஒன்றும், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் கால் கிலோவும். அதைச் செய்யாமல் பலகையை மட்டும் வாங்கி வைத்தால் இரண்டு மழைக்காலம் தாண்டுவது கஷ்டம்.

பொருள் என்னவென்று தெரியாதவர்களுக்கு: தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய சர்க்யூட் பலகை. முகப்பில் ஐந்துக்கு ஐந்து என்று 25 சிவப்பு எல்இடி, இரண்டு பக்கமும் ஏ, பி என இரண்டு பட்டன். சாய்வை உணரும் ஆக்ஸிலரோமீட்டர், திசைகாட்டி, வெப்பநிலை உணரி, ரேடியோ ஆகியவை பலகையிலேயே இருக்கின்றன. பிபிசி 2016இல் பிரிட்டனின் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுக்கத் தயாரித்தது இது. 2020இல் வந்த வி2வில் மைக், ஸ்பீக்கர், தொட்டால் உணரும் லோகோ மூன்றும் சேர்ந்தன. நினைவகம் 16 கிலோபைட்டிலிருந்து 128 கிலோபைட்டாக உயர்ந்தது. பழைய வி1 மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்க வேண்டாம்; இந்த விமர்சனத்தில் நல்லது என்று சொல்லப்போகும் டேட்டா பதிவு வசதி வி1இல் கிடையாது.

கணினி ஆசிரியருக்கு வரும் சிக்கல் பாடத்தில் வருவதில்லை, வகுப்பு நடக்கும் அந்த நாற்பது நிமிடத்தில் வருகிறது. ஆய்வக உதவியாளர் கிடையாது. மூன்று மூலையிலிருந்தும் ஒரே நேரத்தில் "சார், டிரைவ் வரல" என்று குரல் வரும். ஒவ்வொன்றையும் இரண்டு நிமிடத்துக்குள் சரிசெய்ய முடியாவிட்டால் அடுத்த வாரமே கருவி பீரோவுக்குள் போய்விடும். இந்த விஷயத்தில் மைக்ரோபிட் நல்ல மதிப்பெண் வாங்குகிறது. கெட்டுப்போகும் வழிகள் குறைவு, எல்லாமே அடையாளம் தெரிகிற வழிகள்.

முதல் குற்றவாளி எப்போதும் கேபிள்தான். பலகையில் இருப்பது மைக்ரோ யூஎஸ்பி. பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவரும் பழைய போன் கேபிள்களில் பாதி சார்ஜ் மட்டும் ஏற்றும், டேட்டா போகாது. பலகையின் சிவப்பு பவர் விளக்கு எரியும், ஆனால் கணினியில் மைக்ரோபிட் என்ற டிரைவ் தோன்றாது. விளக்கு எரிகிறதே என்று பலகையைச் சந்தேகிக்க ஆரம்பித்தால் வகுப்பு போச்சு. டேட்டா போகும் கேபிள்களைச் சோதித்து, அவற்றில் மட்டும் சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி வைத்துவிட்டால் இந்தப் புகாரில் முக்கால்வாசி அடங்கிவிடும்.

இரண்டாவது, மைக்ரோபிட் என்ற பெயருக்குப் பதிலாக மெயின்டெனன்ஸ் என்று டிரைவ் வருவது. பின்பக்கம் இருக்கும் ரீசெட் பட்டனை அழுத்திக்கொண்டே கேபிளைச் சொருகினால் இப்படி ஆகும். பலகையை இறுக்கிப் பிடித்துச் சொருகுகிற பிள்ளைகளுக்கு விரல் தானாக அங்கேதான் போகும். கழற்றி, ஓரத்தைப் பிடித்து மறுபடி சொருகினால் சரி. மெயின்டெனன்ஸ் டிரைவில் பாடத்து ஹெக்ஸ் ஃபைலை, அதாவது பலகையில் ஏற்றும் நிரல் கோப்பை, போட்டுப் பார்ப்பதால் பயனில்லை. அந்த டிரைவ் பலகையின் ஃபர்ம்வேரை (பலகைக்குள் நிரந்தரமாக இருக்கும் மென்பொருளை) புதுப்பிக்க மட்டும்தான். ஃபைலை இழுத்துப் போட்டபின் டிரைவில் ஃபெயில் என்ற பெயரில் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் முளைத்தால் காரணம் அதற்குள்ளேயே எழுதியிருக்கும். திறந்து படிக்கச் சொல்லலாம், நல்ல பழக்கமும்கூட. எல்இடியில் சோக முகமும் 927 என்ற எண்ணும் ஓடினால், வி1க்கு மட்டும் தயாரித்த பழைய ஹெக்ஸை வி2வில் ஏற்றியிருக்கிறார்கள் என்று பொருள்.

மென்பொருள் பக்கம் வருவோம். சிறு வகுப்புகளுக்கு மேக்கோட் போதும்: கட்டைகளை இழுத்து அடுக்குகிற முறை, பக்கத்திலேயே பலகை போல நடித்துக்காட்டும் ஒரு சிமுலேட்டர். பலகை பத்து, பிள்ளைகள் நாற்பது என்றால் சிமுலேட்டரில் ஓடிய பிறகுதான் பலகை கைக்கு வரும் என்று விதி வைக்கலாம், நெரிசல் தானாகக் குறையும். நெட் விட்டுவிட்டு வருகிற ஊர்களுக்கு இரண்டு வழி. விண்டோஸுக்கான ஆஃப்லைன் செயலியை நெட் உள்ள இடத்தில் இறக்கி பென்டிரைவில் கொண்டுவரலாம். அல்லது நெட் இருக்கும்போது பிரவுசரில் ஒருமுறை மேக்கோட்டைத் திறந்துவிட்டால் பிறகு நெட் இல்லாமலும் அதே பிரவுசரில் திறக்கும்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. மேக்கோட் பிள்ளைகளின் வேலையை அந்தக் கணினியின் பிரவுசருக்குள்ளேதான் சேமிக்கிறது. யாராவது ஹிஸ்டரியை அழித்தாலோ, ரீஸ்டார்ட் செய்தால் பழைய நிலைக்குத் திரும்பும்படி பூட்டப்பட்ட கணினியாக இருந்தாலோ எல்லாம் போய்விடும். வகுப்பு முடிவில் ஒவ்வொரு குழுவும் ஹெக்ஸ் ஃபைலை இறக்கி, வகுப்பு, பிரிவு, வரிசை எண் போட்டுப் பெயரிட்டு, பொது பென்டிரைவில் போட வேண்டும். அந்த ஹெக்ஸுக்குள்ளேயே மூலக் கட்டைகளும் இருக்கின்றன. அடுத்த வாரம் அதை மேக்கோட் திரையில் இழுத்துப் போட்டால் அப்படியே திறக்கும். தனியாக ஒரு சேமிப்பு முறையைக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமில்லை. பலருக்கும் தெரியாத, உண்மையிலேயே ஆசிரியர் சுமையைக் குறைக்கிற வசதி இது.

பழைய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸ் 7 ஓடினாலும் ஹெக்ஸை இழுத்துப் போடும் வேலை நடக்கும், ஏனென்றால் பலகை வெறும் பென்டிரைவ் போலத்தான் தன்னைக் காட்டுகிறது. சீரியல் வழியாக, அதாவது பலகை கேபிளில் அனுப்பும் எண்களைத் திரையில் பார்ப்பதற்கு மட்டும் தனி டிரைவர் நிறுவ வேண்டும். விண்டோஸ் 10இல் அதுவும் வேண்டாம். ஒரே சர்வரிலிருந்து பல திரைகள் ஓடும் தின் கிளையன்ட் ஆய்வகங்களில்தான் இடிக்கும்: மாணவன் முன்னால் சொருகிய பலகை அவன் திரையில் தோன்றாமலே போகலாம். அங்கே வாங்கும் முன் ஒரு பலகையை இரவல் வாங்கிச் சொருகிப் பாருங்கள்.

கட்டைகளில் வரும் ஆங்கிலச் சொற்களுக்கு எதிரே பாடநூல் சொல்லை எழுதி ஒரு சார்ட் மாட்டிவிட்டால் நல்லது: மாறி, மடக்கு, நிபந்தனைக் கூற்று, செயற்கூறு. அதே பிள்ளைகள் மேல்வகுப்பில் இந்தச் சொற்களைத்தான் தேர்வுத்தாளில் பார்க்கப்போகிறார்கள். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் தகவல் செயலாக்கம் என்று ஒரு இயல் இருக்கிறதே, அதையும் இந்தப் பலகையோடு சேர்த்து நடத்த முடியும். கணக்கு ஆசிரியரிடம் ஒரு பீரியட் கடன் வாங்குவதற்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

இனி பிளஸ் டூ. 2019-20இல் வந்த கணினி அறிவியல் புத்தகத்தில் 16 பாடங்கள், நடுப்பகுதி முழுக்கப் பைதான். மைக்ரோபிட்டிலும் சிறு பலகைகளுக்கான பைதானான மைக்ரோபைதான் ஓடும் என்பதால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும் என்று நினைக்கத் தோன்றும். அவ்வளவு எளிதில் ஒட்டாது. செய்முறைத் தேர்வு நிரல்களில் முக்கால்வாசி இன்புட் வாங்கி விடை அச்சிடுபவை. பலகையில் இன்புட் கட்டளை சீரியல் திரை வழியாக மட்டுமே கேட்கும். எல்இடியை முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் மாணவனுக்கு நிரல் உறைந்துபோன மாதிரி இருக்கும். அந்த நிரல்களைக் கணினியிலேயே ஓட்டுங்கள், பலகை வேண்டாம்.

எஸ்தோனியாவின் தார்த்து பல்கலைக்கழகத்தில் உருவான தோனி எடிட்டர் இரண்டுக்கும் பொதுவாக உதவும். (பெயரைச் சொன்னதும் வகுப்பு விசிலடிக்கும், அடங்க இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள்.) இலவசம், பைதானோடு சேர்ந்தே வருகிறது, நிரலை ஒவ்வொரு வரியாக ஓட்டி மாறிகளின் மதிப்பு மாறுவதைக் காட்டும். தன்னைத்தானே அழைக்கும் செயற்கூறுகளைப் புரியவைக்க அது ஒன்றே போதும். திரையின் வலது கீழ் மூலையில் எந்தப் பைதான் என்று தேர்வு செய்யும் இடம் இருக்கிறது. கணினியின் பைதானில் வைத்துக்கொண்டு பலகைக்கான நிரலை ஓட்டினால், மைக்ரோபிட் என்ற மாட்யூல் இல்லை என்று சிவப்பில் பிழை வரும். நிரலில் தவறில்லை, மூலையில்தான் தவறு. இன்னொன்று: முந்தைய பீரியடில் எட்டாம் வகுப்பு மேக்கோட் ஹெக்ஸை ஏற்றியிருந்தால் பலகையில் மைக்ரோபைதான் இருக்காது, தோனி இணைப்பு கிடைக்கவில்லை என்று முரண்டுபிடிக்கும். அதே மூலை மெனுவிலிருந்து மைக்ரோபைதானை மறுபடி நிறுவ வேண்டும். பத்துப் பலகையில் ஆறை எட்டாம் வகுப்புக்கும் நான்கைப் பிளஸ் டூவுக்கும் என்று பெயின்ட் புள்ளி வைத்துப் பிரித்துவிட்டால் இந்தத் தொல்லை ஓயும்.

பலகை உதவும் என்று சொன்ன பாடங்கள் 13உம் 16உம்: சிஎஸ்வி கோப்புகள் (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து எழுதும் அட்டவணை), பைதானின் பைபிளாட் கொண்டு வரையும் வரைபடம். மேக்கோட்டில் டேட்டா லாகர் என்ற நீட்சியைச் சேர்த்து, 60,000 மில்லி விநாடிக்கு, அதாவது நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையையும் வெளிச்சத்தையும் பதியும்படி நிரல் எழுதிப் பலகையை வகுப்பறை ஜன்னலில் வைக்க வேண்டும். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை 480 வரிசைகள். கணினியில் சொருகினால் டிரைவில் மை டேட்டா என்ற ஃபைல் இருக்கும், பிரவுசரில் திறந்தால் அட்டவணை, அதிலேயே சிஎஸ்வியாக இறக்கும் பட்டன். ராமு, சோமு மதிப்பெண் என்று கையால் அடித்த ஐந்து வரிக் கோப்பை வைத்து நடத்துவதற்கும், ஓட்டுக்கூரை வகுப்பறையின் வெயில் ஏறி இறங்குவதை 480 வரியில் வைத்து நடத்துவதற்கும் நிறைய வித்தியாசம்.

தவறுகள் வரும், வரட்டும், எல்லாமே பாடத்துக்குள் இருக்கும் தவறுகள். முதல் வரி தலைப்பு. நெக்ஸ்ட் கட்டளை போட்டு அதைத் தாண்டாவிட்டால் எண்ணாக மாற்றும்போது பிழை. சிஎஸ்வியைப் படிக்கும் ரீடர் கொடுப்பதெல்லாம் சரம், அதாவது வெறும் எழுத்து. ஃப்ளோட்டாக (தசம எண்ணாக) மாற்ற மறந்தால் பிழை வராது, ஆனால் வரைபடத்தின் அச்சில் எண்கள் வந்த வரிசையில் அடைந்துகொண்டு கறுப்புப் பட்டையாகத் தெரியும். நடுவில் பேட்டரி கழன்று மாட்டினால் நேரம் பூஜ்யத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்கும், கோடு பின்னோக்கி ஓடும். பழைய பதிவு அழியாது, அதன் கீழேயே தொடரும். புதிய ஹெக்ஸ் ஏற்றினால்தான் எல்லாம் அழியும். எனவே சிஎஸ்வியை எடுக்கும் வரை வேறு நிரல் போடக் கூடாது. சொருகியபடியே பதிவு செய்தால் ஃபைலில் புது வரிகள் தெரியாது, ஒருமுறை கழற்றிச் சொருக வேண்டும். பைபிளாட் அடங்கிய மேட்பிளாட்லிப் நூலகத்தை நெட் உள்ள இடத்தில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், பைதான் பதிப்பும் 32 பிட்டா 64 பிட்டா என்பதும் பொருந்த வேண்டும். தோனி தனக்கென்று ஒரு பைதானை வைத்திருப்பதால் கணினியில் ஏற்கெனவே நிறுவியது அதற்குள் தெரியாது. அங்கே தனியாக நிறுவ வேண்டும்.

வெப்பநிலை உணரி காட்டுவது பிராசஸர் சில்லின் சூடு, காற்றின் சூடல்ல. அறையைவிடச் சில டிகிரி கூடக் காட்டும். பக்கத்தில் சாதா தெர்மாமீட்டர் வைத்து வித்தியாசத்தைக் கழிக்கச் சொல்லுங்கள்.

திசைகாட்டியைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியாது. பிரிட்டனில் எழுதிய பாடக்குறிப்புகளில் பூமியின் காந்தப்புலம் தரையை நோக்கிச் செங்குத்தான சரிவில் இறங்குவதாக அளந்து காட்டுவார்கள். அங்கே அது சரி. நம் பக்கத்தில் காந்த நடுக்கோடு திருநெல்வேலிச் சீமையை ஒட்டித்தான் போகிறது. அதனால்தான் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் அங்கே ஆய்வுக்கூடம் வைத்திருக்கிறது. இராமநாதபுரத்தில் புலம் கிட்டத்தட்டக் கிடைமட்டம், அளவு 40 மைக்ரோடெஸ்லாவை ஒட்டி. பலகையைப் படுக்கவைத்து மேல்கீழ் அச்சின் எண்ணைப் பார்த்தால் மற்ற இரண்டோடு ஒப்பிட மிகச் சிறியதாக இருக்கும். குறிப்பிலுள்ள விடை வரவில்லையே என்று பலகையைக் குறை சொல்ல வேண்டாம். முதலில் கேட்கும் அளவுத்திருத்தத்தை, புள்ளிகள் திரையை நிரப்பும் வரை சாய்த்துச் சாய்த்து முடிக்க வேண்டும். இரும்பு மேசைமேல் வைத்துச் செய்தால் எல்லாம் வீண்.

உப்புத் தண்ணீர்ச் சோதனையைப் பிள்ளைகளே கேட்பார்கள். இரண்டு எவர்சில்வர் ஆணி, 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, முதலைக் கிளிப் நான்கு போதும். பலகை விளிம்பில் பின் எனப்படும் முனைகள் இருக்கின்றன: பின் 1இலிருந்து ஒரு ஆணி, மற்ற ஆணி பின் 0க்கு, பின் 0க்கும் கிரவுண்டுக்கும் (ஜிஎன்டி முனை) நடுவில் ரெசிஸ்டர். ஆணிகளுக்கு நடுவே இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியை அட்டையில் குத்தி நிலைப்படுத்துங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு எண். பின் 1ஐ 1 ஆக்கி, 10 மில்லி விநாடி பொறுத்து, பின் 0ஐப் படித்து, உடனே பின் 1ஐ 0 ஆக்க வேண்டும். 3 வோல்ட் முனையிலிருந்து நேராக மின்சாரம் கொடுத்தால் ஆணியில் குமிழி விட்டு அரிக்கத் தொடங்கும், எண்ணும் நழுவிக்கொண்டே போகும். கேன் தண்ணீருக்குச் சிறிய எண், போர் தண்ணீருக்குப் பெரிய எண் என்று நன்றாகப் பிரியும். கடல்நீரும் உப்பங்கழி நீரும் ஆயிரத்தை ஒட்டி ஒன்றாக நெருங்கிவிடும், ரெசிஸ்டரை 4.7 கிலோ ஓமாகக் குறைத்தால் கொஞ்சம் விலகும். ஏன் என்று கேட்டால் இயற்பியல் ஆசிரியரைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். குடிக்கலாமா என்று தீர்ப்புச் சொல்ல இது கருவியல்ல, ஒப்பிடத்தான்.

ரேடியோ வைத்து நாட்டுப்படகு கவிழ்ந்தால் கரைக்குச் செய்தி என்று ஒரு குழுவாவது ஆரம்பிக்கும். மறைப்பில்லாத மைதானத்தில் சில பத்து மீட்டர்தான் எட்டும், மாதிரிக்கு மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எந்தப் பலகைகள் தமக்குள் பேச வேண்டும் என்று பிரிக்கும் ரேடியோ குழு எண் 0 முதல் 255 வரை. வரிசை எண்ணையே குழு எண்ணாக வைக்காவிட்டால் ஒருவர் படகு கவிழ்ந்ததற்கு வகுப்பே அலறும்.

இனி உப்பு. பழைய பாம்பன் பாலத்தின் இரும்பை அரித்த அதே காற்றுதான் ஆய்வக ஜன்னல் வழியாகவும் வருகிறது. பலகையின் விளிம்பில் இருக்கும் முனைகளுக்குத் தங்க முலாம் உண்டு, அவை அவ்வளவு சீக்கிரம் போகாது. முதலில் துருப்பிடிப்பது முதலைக் கிளிப், அடுத்து பேட்டரிப் பெட்டியின் ஸ்பிரிங், அப்புறம் யூஎஸ்பி வாயின் உலோக உறை. ரப்பர் வளையம் உள்ள பிளாஸ்டிக் டப்பாவில், பலகை ஒவ்வொன்றையும் காகித உறையில் போட்டு, நடுவில் சிலிக்கா ஜெல் பையை வைத்து மூடுங்கள். நிறம் மாறும் ரகத்தில் ஆரஞ்சிலிருந்து பச்சைக்கு மாறுவதை வாங்குங்கள். நீலத்தில் கோபால்ட் உப்பு இருக்கிறது, பிள்ளைகள் கைபடும் இடத்துக்கு ஆகாது. பச்சையானதும் 120 டிகிரி சூட்டில் வறட்டி எடுத்தால் மறுபடி உழைக்கும், ஆனால் சமையல் பாத்திரத்தில் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றோடு மழை வரும்போது வாரம் ஒருமுறை நிறத்தைப் பாருங்கள், மற்ற மாதங்களில் மாதம் ஒருமுறை போதும். வெள்ளைப் பொடி படிந்த பலகையை 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பழைய பல்துலக்கியால் தேய்த்து, நன்றாக உலர்ந்தபின் மின்சாரம் கொடுக்கலாம். தண்ணீரில் துடைத்தால் உப்பு கரைந்து உள்ளே இறங்கும்.

கோடை விடுமுறைக்கு முன் பேட்டரிகளைக் கழற்றிவிடுங்கள். கிட்டோடு வரும் பேட்டரிப் பெட்டிக்கு சுவிட்ச் கிடையாது, இதுதான் இந்தப் பொருளின் மட்டமான அம்சம். கழற்ற மறந்தால் ஜூனில் கசிந்த பேட்டரிதான் இருக்கும். கழற்றும்போது வயரைப் பிடித்து இழுக்காமல் வெள்ளைப் பிளக்கைப் பிடித்து எடுக்க வேண்டும். கடிகாரத்துக்குப் போடும் மலிவு செல்கள் ஸ்பீக்கரும் ரேடியோவும் ஓடும்போது துவண்டுவிடும், பலகை திரும்பத் திரும்ப ரீசெட் ஆகும். ஆல்கலைன் ஏஏஏ போடுங்கள். பவர்பேங்க் பயன்படுத்தலாமா என்றால், பல பவர்பேங்குகள் பலகை இழுக்கும் சொற்ப மின்சாரத்தைப் பார்த்து போன் நிரம்பிவிட்டதாக நினைத்துச் சில நொடிகளில் அணைந்துவிடும். 480 வரிப் பதிவுக்கு அவை உதவா.

விலைக்கு வந்தால், ராஸ்பெர்ரி பை பிக்கோ இதில் நான்கில் ஒரு பங்குக்கே கிடைக்கிறது, நினைவகமும் அதிகம். ஆனால் அதில் ஒரே ஒரு எல்இடி. உணரி ஒவ்வொன்றையும் பிரெட்போர்டில் ஜம்பர் வயரால் இணைக்க வேண்டும். ஒரு வயர் மாறினாலும் நாற்பது நிமிடம் அதைத் தேடுவதிலேயே போய்விடும். மாலை நேர எலக்ட்ரானிக்ஸ் மன்றத்துக்குப் பிக்கோ, பீரியடுக்குள் முடிய வேண்டிய வகுப்புக்கு மைக்ரோபிட்.

பத்துப் பலகை அடங்கிய கிளப் பொதி ஒன்று வாங்கினால் ஒரு பிரிவுக்குப் போதும். அதோடு டேட்டா கேபிள் உதிரியாக நான்கு, முதலைக் கிளிப் நாற்பது (அவை தேய்மானப் பொருள் என்றே கணக்கில் எழுதுங்கள்), ஆல்கலைன் செல் இரண்டு டஜன். வந்த அன்றே எல்லாப் பலகையையும் சொருகி டிரைவ் வருகிறதா, ஏ, பி பட்டன், மைக், ஸ்பீக்கர், திசைகாட்டி வேலை செய்கின்றனவா என்று பார்த்துப் பின்பக்கம் எண் எழுதுங்கள். மாற்றித் தரும் காலம் பெரும்பாலும் சில நாட்கள்தான். பார்சலைப் பிரிக்காமல் தலைமையாசிரியர் அறையில் பூட்டி வைத்துவிட்டு அடுத்த மாதம் திறந்தால் கேட்க முடியாது.